டீம்காரர்

மாலை ஏழு மணிக்கு எங்கள் குரோம்பேட்டைக் குடியிருப்பின் மாடிப்படியில், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே, ஒரு கையில் கறிவேப்பிலைக் கொத்தும் மறு கையில் கைப்பேசியுமாக, ஏறுவதா இறங்குவதா என்ற பிரக்ஞையே இல்லாமல் ஒருவர் ஸ்தம்பித்து நின்றிருந்தால், அவருக்குப் பாரிசவாயுவோ பக்திப் பரவசமோ வந்துவிட்டதென்று யாரும் கலவரப்படுவதில்லை. டாஸ் போட்டாகிவிட்டது, ஆடப்போகும் பதினொருவர் பட்டியல் வந்துவிட்டது, இவர் முந்தின இரவு வெகு நேரம் விழித்திருந்து அமைத்த அணியில் மூவர் பெயர் அந்தப் பட்டியலில் காணப்படவில்லை, ஏழரை மணிக்கு முதல் பந்து வீசப்படுவதற்குள் அந்த மூவரை விலக்கி வேறு மூவரை நியமித்தாக வேண்டும் என்பதுதான் சமாசாரம். மாடியில் ரசம் தாளிப்புக்காகக் காத்திருக்கும். எண்ணெய் காய்ந்து புகையும். கறிவேப்பிலை மட்டும் கேப்டன் யார் என்று முடிவாகும் வரையில் படியிலேயே நிற்கும்.

அவரை எங்கள் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'டீம்காரர்' என்றால் பால் போடுகிறவருக்கும் தெரியும். சர்க்கார் காரியாலயம் ஒன்றில் சூப்பரிண்டெண்டு. கொஞ்சம் சர்க்கரை வியாதி உண்டு. ஆயுளில் கிரிக்கெட் மட்டையை அவர் கையால் தொட்டது பள்ளிக்கூட நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் அதைக் கொண்டுபோய் டிரில் மாஸ்டர் அறையில் வைப்பதற்காக. ஆயினும், தேசத்தின் தேர்வுக் குழுவில் தமக்கென்று ஒரு ஸ்தானம் நெடுநாளாகக் காலியாக வைக்கப்பட்டிருப்பதாகவும், நியமன உத்தரவு எங்கோ தபாலில் தங்கிப்போயிற்று என்றும் அவருக்கு உள்ளூர ஒரு நிச்சயம். அந்த நிச்சயத்துக்கு ஓர் உத்தியோகமும் மேஜை நாற்காலியும் கொடுத்தது, கைப்பேசிக்குள் வந்து சேர்ந்த ஒரு செயலி.

விளையாட்டின் விதிகளை அவரே எனக்குப் பன்முறை உபதேசித்திருக்கிறார். அன்றைக்கு எந்த இரண்டு அணிகள் மோதுகின்றனவோ அவற்றிலிருந்து பதினொருவரை நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விலை. நம் கையிருப்போ 100 கிரெடிட். பெயர் பெற்றவர்களாகப் பார்த்து வாங்கினால், கடைசி இரண்டு இடத்துக்கு முகம் தெரியாதவர்களே மிஞ்சுவார்கள். நாதஸ்வரக் கச்சேரிக்கே பணத்தையெல்லாம் செலவழித்துவிட்ட கல்யாண வீட்டார் பந்தியில் அப்பளத்தைப் பாதியாக உடைத்துப் போடுவதைப் போன்ற நிலைமை. நாம் பொறுக்கியவர்கள் மைதானத்தில் எடுக்கும் ஓட்டமும், சாய்க்கும் விக்கெட்டும், பிடிக்கும் காட்சும் புள்ளிகளாக மாறி நம் கணக்கில் ஏறும். கேப்டன் என்று நாம் குறித்தவனுக்குப் புள்ளி இரட்டிப்பு. வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. பெரிய லீக்கில் ஓர் அணிக்குக் கட்டணம் அப்போது 49 ரூபாய். இலட்சக்கணக்கான பேர் அதே இரவில் அதே 49 ரூபாயைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்க, அவர்களில் முதலாவதாக வருகிற ஒரு புண்ணியவானுக்குக் கோடி ரூபாய் வரையில் பரிசு. "வெறும் நாப்பத்தொம்பது ரூபா சார், ரெண்டு காபி காசு" என்பார் டீம்காரர். காபியை அவர் இதற்காக விட்டுவிட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

இந்த வித்தைக்காக அவர் செய்த வித்யாப்பியாசம் சாமான்யமன்று. காலையில் மின்சார ரயிலில் கைப்பிடியைப் பற்றித் தொங்கிக்கொண்டே, காதில் ஒரு குழாயைச் செருகி, 'இன்னைக்கு மேட்ச் ப்ரிடிக்‌ஷன்' சொல்லும் வாலிபன் ஒருவனின் பிரசங்கத்தைக் கேட்பார். டெலிகிராமில் 'ஷ்யூர் டீம்' விநியோகிக்கும் மகான்கள் மூவரிடம் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார். ஆடுகளத்தின் ஈரம், இரவுப் பனி, இடது கைச் சுழற்பந்துக்கு எதிரே யார் தடுமாறுவார் என்பன போன்ற விஷயங்களில் அவருடைய ஞானம் வியக்கத்தக்கது. ஐ.பி.எல். நடக்காத மாதங்களில் மனிதர் என்ன செய்வார் என்று நான் முதலில் கவலைப்பட்டதுண்டு. அந்தக் கவலை அநாவசியம். மால்டா தீவில் மார்சா என்ற ஊரிலும், ஸ்பெயின் தேசத்தில் கார்த்தாமா என்ற ஊரிலும், பத்துப் பத்து ஓவர் கொண்ட ஐரோப்பியப் போட்டிகள் நடந்து வந்தன. பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து ஆடும் அந்த ஆட்டக்காரர்களின் ஆட்ட நுணுக்கங்களையெல்லாம் எங்கள் டீம்காரர் பெஞ்சில் ஃபைலை விரித்துவைத்துக்கொண்டே ஆராய்ந்து முடித்திருந்தார். எதிர் வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதமான மனிதரின் பெயர் அவருக்குத் தெரியாது. மார்சாவில் நான்காவதாக இறங்குகிறவரின் முழங்கால் வலி தெரியும்.

இந்த வர்க்கத்தை நான் புதிதென்று சொல்லமாட்டேன். டீம்காரருடைய பாட்டனார் காலத்தில் குறுக்கெழுத்துப் போட்டி என்ற ஜுரம் ஊரெல்லாம் அடித்தது. கட்டங்களை நிரப்பிக் கட்டணத்தோடு அனுப்பிவிட்டு, பரிசு வந்ததும் எந்த இடத்தில் வீடு வாங்குவது என்று தம்பதிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், 1955-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு வைக்கும் போட்டிகளைத் தடுக்க வேண்டியதாயிற்று. தகப்பனார் காலத்தில் கிண்டிக் குதிரையும், தெருமுனை லாட்டரிச் சீட்டும் ஏகபோகமாக ஆண்டன. லாட்டரியை 2003-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் நிறுத்திற்று. குதிரை விஷயம் வேறு மாதிரிப் போயிற்று: 1996-ல் சுப்ரீம் கோர்ட்டார், குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் சாமர்த்தியத்தைப் பொறுத்ததே என்று, சென்னைப் பந்தய சங்கத்தின் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். ரம்மியாட்டத்துக்கு அந்த அந்தஸ்து 1968-லேயே கிடைத்துவிட்டது. பிற்பாடு 2017-ல் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டு, கற்பனை அணி அமைக்கும் ஆட்டமும் சாமர்த்தியத்தின் பாற்பட்டதுதான் என்று 'ட்ரீம் லெவன்' வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்தக் கடைசித் தீர்ப்பை டீம்காரர் தமக்குத் தனிப்பட்ட முறையில் அளிக்கப்பட்ட யோக்கியதா பத்திரமாகவே கருதினார். "கோர்ட்டே சொல்லிடுச்சு சார், இது ஸ்கில் கேம்" என்று அவர் சொல்லும்போது, அவருடைய அறிவை ஹைகோர்ட்டு நீதிபதி நேரில் பரீட்சித்துப் பார்த்து ஒப்பம் இட்டதைப் போன்ற ஒரு தோரணை இருக்கும். எனக்கோ அந்தத் தீர்ப்பைக் காட்டிலும் அவருக்குப் பாதகமான தீர்ப்பு வேறு இருக்க முடியாதென்று பட்டது. லாட்டரிச் சீட்டு ஒரு விதத்தில் தர்மமான வஸ்து. மேதாவி வாங்கினாலும் மூடன் வாங்கினாலும் அதற்குப் பேதம் கிடையாது. குருட்டு அதிர்ஷ்டம் யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். சாமர்த்திய விளையாட்டு அப்படியன்று. அதில் சாமர்த்தியசாலி ஜெயிப்பான். ஜெயிக்க வேண்டுமானால் யாரேனும் தோற்றாக வேண்டும். தோற்பதற்கென்று 49 ரூபாய் கட்டிவிட்டு, காதில் குழாயோடு, கறிவேப்பிலையோடு, மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பவர் யார் என்பதைத்தான் நீதிபதி எழுதாமல் விட்டுவிட்டார்.

அமெரிக்கர்கள் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். அங்கே தினசரிக் கற்பனை ஆட்டம் நமக்கு முன்பே மும்முரமாயிருந்தது. 2015-ஆம் வருஷத்து பேஸ்பால் பருவத்தின் முற்பாதியை மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்தார் ஆராய்ந்ததில், ஆட்டக்காரர்கள் சம்பாதித்த லாபத்தில் நூற்றுக்கு 91 பங்கு, நூற்றுக்கு 1.3 பேருடைய பையில் போய் விழுந்திருந்தது. அந்த ஒன்றே கால் பேர் நம்மைப் போல ரசத்துக்கும் டாஸுக்கும் நடுவே அணி அமைப்பவர்கள் அல்லர். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, ஒரே ஆட்டத்துக்கு ஏராளமான அணிகளைச் சிறு சிறு வித்தியாசத்தோடு இறக்கி, இதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள். நம் தேசத்திலும் பெரிய லீக்கில் ஒருவரே இருபது அணி வரை இறக்க இடமிருந்தது. கேப்டனையும் வைஸ் கேப்டனையும் மட்டும் மாற்றி மாற்றி இருபது வலை விரித்தவனுக்கு எதிரே, டீம்காரர் ஒற்றைத் தூண்டிலோடு, ஐ.பி.எல். காலத்தில் மிஞ்சிப்போனால் மூன்று தூண்டிலோடு, உட்கார்ந்திருந்தார்.

பெரிய லீக் வேண்டாம், ஆளுக்கு ஆள் மோதும் 'ஹெட் டு ஹெட்' ஆடலாமே என்று நான் ஒரு தரம் யோசனை சொன்னேன். அதையும் அவர் ஆடித்தான் பார்த்திருந்தார். "பத்துல அஞ்சு ஜெயிச்சேன் சார், சரிபாதி" என்று பெருமையும் பட்டுக்கொண்டார். இருவர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள், நடத்துகிறவர் தம் பங்கு பத்தை எடுத்துக்கொண்டு ஜெயித்தவனுக்கு 90 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆட்டத்துக்குக் கட்டியது 500. ஐந்தில் ஜெயித்து வாங்கியது 450. ஆக, சரிக்குச் சரி ஆடின மனிதர் 50 ரூபாய் தோற்றவராகிறார். பத்துக்கு ஆறு ஜெயித்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். பத்துக்கு ஆறு தரம் சரியாகச் சொல்லக்கூடிய ஞானம் உள்ளவர் சூப்பரிண்டெண்டாக இருக்கமாட்டார் என்பதை நாகரிகம் கருதி நான் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு நோட்டுப் புஸ்தகம் உண்டு. நகைக் கடை ஒன்று தீபாவளிக்குக் கொடுத்த டைரி. பச்சை நிற அட்டை, ஓரத்தில் தங்க முலாம். அதில் தேதி, ஆட்டம், கேப்டன் பெயர், கிடைத்த புள்ளி, கிடைத்த ரூபாய் எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். ரூபாய் வந்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பார். கட்டிய ரூபாய்க்கு மட்டும் அதில் பத்தி கிடையாது. இதைக் குறித்து நான் விசாரித்தபோது, "அது இன்வெஸ்ட்மெண்டு சார்" என்றார். முப்பது வருஷமாகச் சர்க்காரின் வரவு செலவில் பைசா பிசகாமல் கையெழுத்திட்டு வந்திருக்கும் மனிதர் அவர்; காரியாலயத்தில் ஆறு ரூபாய் வித்தியாசத்துக்காக ஒரு குமாஸ்தாவை இரவு எட்டு மணி வரையில் உட்கார்த்தி வைத்தவர்.

செலவுப் பத்தியை எழுதி வைத்தது பாங்கு. சமையல் வாயு மானியம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதற்காக அவருடைய சம்சாரம் ஒரு நாள் பாஸ் புஸ்தகத்தை எடுத்துப் போய் எந்திரத்தில் பதித்துக்கொண்டு வந்தார். ஏழெட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது. நான் ஏதோ காரியமாக அங்கே போயிருந்தேன். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புஸ்தகத்தை என்னிடமே நீட்டினார்.

"நீங்களே பாருங்க அண்ணா. நாப்பத்தொம்பது, தொண்ணூத்தெட்டு, நூத்தி நாப்பத்தேழுன்னு வரிசையாப் போட்டிருக்கே. பேரன் படிக்கிற வாய்ப்பாடு மாதிரி இருக்கு. இது என்னதுங்க, எல்.ஐ.சி.யா?"

டீம்காரர் உத்தரத்தைப் பார்த்தார். "அது ஒரு மாதிரி முதலீடு" என்றார்.

"எத்தனை வருஷத்துல முதிரும்?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்த அம்மாள் வேறொன்றும் பேசாமல் நாள்காட்டியின் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் கணக்குப் போட்டார்: ஐ.பி.எல். பருவத்துக்கு 74 ஆட்டம்; ஆட்டத்துக்கு மூன்று அணி; அணிக்கு 49. பத்தாயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு. அந்தத் தாளைப் பருப்பு டப்பாவின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று டீம்காரர் என்னிடம் பிறகு சொன்னார்.

அவர் ஒரு தரம் ஜெயித்தும் இருக்கிறார். அதைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். யாரும் சீந்தாத ஒரு பந்துவீச்சாளனைக் கிரெடிட் போதாத காரணத்தால் அணியில் சேர்க்கப் போக, அவன் அன்றைக்கு நான்கு விக்கெட்டைச் சாய்த்துவிட்டான். மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கைப்பேசியின் வெளிச்சத்தில் 1,150 ரூபாய் என்ற எழுத்துக்கள் பிரகாசித்தன. அன்று மாலை குடியிருப்பின் பதினாறு வீட்டுக்கும் கால் கால் கிலோ அல்வா வந்தது. ஆகமொத்தம் நான்கு கிலோ, சுத்தமான நெய். அல்வாவின் கிரயம் பரிசை எப்போதோ தாண்டிவிட்டிருக்கும் என்று என் மனைவி வாயில் அல்வாவோடு சொன்னாள். அந்த நாலு விக்கெட்டுக்காரனை எதற்காகச் சேர்த்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஆடுகளத்தின் ஈரத்தைத் தாம் முன்கூட்டியே அவதானித்ததாக டீம்காரர் விளக்கம் கொடுத்தார். தோற்ற நாட்களில் அவர் விதியை நொந்துகொள்வாரே ஒழிய ஈரத்தைக் குறித்து ஒன்றும் சொல்வதில்லை.

அவருடைய நம்பிக்கைக்கு வெளியிலிருந்து கிடைத்த ஊட்டமும் கொஞ்சமன்று. தோனி 2018-ல் அதே ட்ரீம் லெவனுக்கு விளம்பரத் தூதரானார். சென்னையில் அதற்கு அப்பால் அத்தாட்சி கேட்பவன் யார்? 2020-ல் அந்த நிறுவனம் 222 கோடி ரூபாய் கொடுத்து ஐ.பி.எல்.லின் தலைப்பிலேயே தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது. 2023-ல் 350 கோடிக்கு மேல் கொடுத்து இந்திய அணியின் சட்டை மார்பிலும் ஏறிற்று. "இவ்வளவு கோடி குடுக்கிறவன்கிட்ட பணம் இல்லாமயா சார்?" என்று டீம்காரர் கேட்பார். அவ்வளவு கோடியும் எங்கே விளைந்தது என்ற பக்கம் அவர் புத்தி திரும்பவே இல்லை. விளம்பரத்தின் முடிவில், இதில் பண நஷ்டத்துக்கு இடமுண்டு, இது பழக்கமாகிவிடவும் கூடும் என்று ஒரு குரல் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். முகூர்த்த நேரம் தப்பிவிடுமே என்று சாஸ்திரிகள் சொல்லும் மந்திரத்தைப் போல அது காதில் விழும். அர்த்தம் கேட்டு யாரும் கல்யாணத்தை நிறுத்தியதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஸ்வாரஸ்யமாகப் பட்டது அவருடைய வருமான வரி விவகாரம். 2023 ஏப்ரலிலிருந்து, வருஷ முடிவில் நிகரமாக ஜெயித்த தொகைக்கு, அதாவது எடுத்ததிலிருந்து கட்டியதைக் கழித்து மிஞ்சியதற்கு, நூற்றுக்கு 30 வீதம் வரி பிடித்துவிடுவதென்று ஏற்பாடாகியிருந்தது. ஒரு ஜூலை மாதத்தில், ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்காக எடுத்த காகிதங்களோடு டீம்காரர் என்னிடம் வந்தார். முகத்தில் பரம திருப்தி.

"பாத்தீங்களா சார், ஒரு பைசா டி.டி.எஸ். பிடிக்கலை. பரிசு வந்திருக்கு, அல்வாகூட சாப்பிட்டீங்க. ஆனா வரி இல்லை. கம்பெனி நம்ம விஷயத்துல ரொம்ப டீஸண்டா நடந்துக்கறான்."

நான் காகிதத்தைப் பார்த்தேன். ஒரு மனிதனுடைய மனைவியும் சிநேகிதனும் பாங்கும் பல நாளாகச் சொல்லத் தயங்கியதை, வருமான வரி இலாகா ஒரே ஒரு பூஜ்யத்தில் எவ்வளவு கௌரவமாகச் சொல்லிவிட்டது! பூஜ்யத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பச்சை டைரிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையெல்லாம் தடை செய்தது. இரண்டே நாளில் இரு சபையும் நிறைவேற்றி, 22-ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதலும் ஆகி, பணப் போட்டிகள் நின்றுபோயின. டீம்காரர் இரண்டு நாள் காரியாலயத்துக்கு லீவு போட்டார். "இன்னும் ஒரே ஒரு சீசன் விட்டிருந்தா சார், ஃபார்முலா கைக்கு வந்திருக்கும்" என்று அங்கலாய்த்தார். செப்டெம்பரில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் வீரர்கள் மார்பில் விளம்பரதாரர் பெயர் ஏதும் இல்லாத சட்டையோடு இறங்கியபோது அவர் கண் கலங்கிவிட்டார். சட்டை வெறுமையாக இருந்ததற்காக அன்று. இத்தனை நாளும் அந்தச் சட்டையில் ஒரு நூலாவது தம்முடையது என்று அவருக்கு அப்போதுதான் தோன்றிற்றாம். அந்த ஒரு விஷயத்தில் அவர் போட்ட கணக்கு சரி.

இப்போது காசில்லாத இலவசப் போட்டிகளில் அணி அமைத்து வருகிறார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: சென்ற வாரம் அத்தகைய போட்டி ஒன்றில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில், பதினேழாவதாக வந்துவிட்டார். பரிசு ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் தொனித்தது சந்தோஷமா துக்கமா என்று என்னால் நிதானிக்க முடியவில்லை.

அந்த வேகத்தில் என்னையே பந்தயத்துக்கு இழுத்தார். இருவரும் ஆளுக்கோர் அணி காகிதத்தில் எழுதுவது. தோற்றவர் ரயில் நிலையத்துக்கு எதிர் ஓட்டலில் காபி வாங்கித் தருவது. எனக்குக் கிரிக்கெட்டில் பந்து உருண்டை என்பதற்கு மேல் ஞானமில்லை. காதுக்கு இனிமையாக இருந்த பெயர்களாகப் பார்த்துப் பதினொன்றை எழுதி, அவற்றில் உச்சரிக்க மிகவும் கடினமான பெயரைக் கேப்டனாக்கினேன். அவர் மூன்று தாளைக் கிழித்துப் போட்டு நான்காவதில் முடித்தார். நான் ஜெயித்தேன். ஓர் இரவில் யாரும் ஜெயிக்கலாம் என்பதுதானே இந்த விளையாட்டின் வசியமே. என்னை இன்னும் பத்து ஆட்டத்துக்கு அழைத்தால் போகவே எனக்கும் அன்றிரவு ஆசையாயிருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஓட்டலில் இரண்டு காபிக்கும் அவரே ரூபாயை எடுத்து வைத்தார். டபராவில் ஆற்றி, நுரையை ஊதி, நிதானமாகக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து பச்சை டைரியை வெளியே எடுத்து, தேதி போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வரி எழுதி, சிவப்பு மையால் வட்டமிட்டார். எட்டிப் பார்த்தேன்.

"வரவு: காபி 1."